காமாக் கதிர் வளைவதில்லை, மகன்

அன்பு மகன்,

நீ என்னோடு பேசுவதில்லை. அழைத்தால் எடுப்பதில்லை. அனுப்பும் செய்திகளுக்குக் கீழே நீ பார்த்துவிட்டாய் என்பதற்கான நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. உன் வாப்பாவை அடக்கிய நாளிலிருந்து இப்படித்தான் போகிறது. தங்கை நுஸ்ராவோடு பேசுகிறாய். அவளிடமும் என் பேச்சு வந்தால் "வேல ஈக்கி" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சரி, உனக்கு வேலை இருக்கட்டும். எனக்கும் இப்போது ஒரு வேலை இருக்கிறது. பெற்ற மகனுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் புருஷனை அவசரமாக மண்ணுக்குள் வைத்தவள் என்று என்னைப் பற்றி ஒரு கதை கட்டுகஸ்தோட்டையில் கிளம்பி, கண்டி மார்க்கெட்டைச் சுற்றி, டுபாயில் இருக்கும் மச்சான்மார் வழியாக ஜேர்மனியில் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கதை ஊர் வழியாக வந்ததால் பதிலையும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரும் வேண்டாம். யார் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்குச் செய்ததை நாளைக்கும் செய்வேன். ஆனால் ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை; இப்போதுதான் வாய் வந்திருக்கிறது. நுஸ்ராவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம், உனக்குத் தெரியும். வாப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு நீதான் வலீ, அவளைச் சபையில் ஒப்புக்கொடுக்கவேண்டியவன். நீயோ வரமாட்டேன், பள்ளிவாசல் ஹஸரத்துக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாய். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. ஹஸரத்தும் சரி என்றார், மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றார்கள். நுஸ்ராதான் சரி என்று சொல்லவில்லை. "நானா வராட்டி நாளத் தள்ளுங்கொ உம்மா, அவர் வாற அண்டைக்கு வைங்கொ" என்று அண்ணனான உன்னை வைத்துச் சொல்லிவிட்டு, தைக்கக் கொடுத்த உடுப்பைக்கூடப் போய் எடுக்காமல் இருக்கிறாள். உனக்கும் எனக்கும் இடையில் இருக்கும் கோபத்துக்கு அவள் வயது போகிறது. அதுதான் என்னை எழுதவைத்தது.

நீ எப்போது இந்தக் கதிர்களின் பின்னால் போனாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் வாப்பா ஆசுபத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நீ அங்கே போய், அவர் வேலை முடியும்வரை விறாந்தையில் உட்கார்ந்து பனிஸ் தின்றுகொண்டிருப்பாய். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் சட்டையில் ஒரு பெட்ஜ் குத்தியிருப்பார்கள். யார் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சொல்லும். கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் யாரும் போடக்கூடாது. கதிர் எட்டாத தூரத்தில், காரியாலய அலுமாரிக்குள் அது சும்மா கிடக்கும். மற்றவற்றோடு அதையும் அனுப்புவார்கள், அதிலும் கொஞ்சம் பதிந்திருக்கும். நீ அதைக் கேட்டுவிட்டு வாப்பாவைப் பிடித்துக்கொண்டாய். "ஒருத்தரும் போடாத பெட்ஜுக்கு யாரு வாப்பா எக்ஸ்ரே அடிச்ச?" அவர் சிரித்துவிட்டு, "கொஞ்சம் மண்ணால வாற, கல்லால வாற. இன்னம் கொஞ்சம் வானத்தால வாற. அத கழிச்சுப் பாத்தாத்தான் எங்கட மேல பட்டது எவ்வளவு எண்டு தெரியும்" என்றார். வானத்திலிருந்து எங்கிருந்து என்று கேட்டாய். அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் அனுப்பினார், எனக்கும் தெரியவில்லை. நான் விஞ்ஞான ஆசிரியை என்ற பெருமைக்கு ஏதோ சொல்லி உன் வாயை அடைத்தேன், ஆனால் நீ அடங்கவில்லை.

அடங்காமல் படித்தாய். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு வந்தபோது, பொறியியலுக்குப் போகாமல் பௌதிகம் படிக்கிறேன் என்று சொன்ன பிள்ளையை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். சோறு போட்ட கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்தேன். வாப்பாதான் "வானத்தப் பாக்கிறவனும் சோறு தின்னத்தான் வேணும், வை" என்று என்னை ஏசினார். பிறகு பேராதனையில் படித்து, ஜேர்மனிக்குப் போய், அங்கிருந்து ஆபிரிக்காவின் ஒரு பாலைவனத்துக்குப் போய், வானத்தில் மோதும் காமாக் கதிரின் நீல ஒளியைப் பிடிக்கிற பென்னம்பெரிய கண்ணாடிகளோடு நீ நிற்கும் படத்தை அனுப்பியபோது, அதை மார்க்கெட்டில் கடை கடையாகக் காட்டியவரும் அவர்தான். "மகன் கண்ணாடிக் கட வச்சீக்கா?" என்று யாரோ கேட்டதற்கு இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது காலைச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெரிய குமிழிகளைப் பற்றிச் சொன்னாயே, அந்தக் காலையை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். ஒரு ரொட்டியைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்து, இதுதான் எங்கள் பால்வீதி என்றாய். அதன் நடுவில் மேலே ஒரு உருண்டைத் தோடம்பழத்தைப் பிடித்து, கீழே இன்னொன்றைப் பிடிக்க நுஸ்ராவின் கையை இழுத்தாய். பால்வீதியின் நடுவிலிருந்து மேலும் கீழுமாக இரண்டு காமாக் கதிர்க் குமிழிகள் ஊதிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் ஒளியாண்டு உயரம் என்றாய். நாங்கள் எங்கே என்று வாப்பா கேட்டார். ரொட்டியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு துளி சீனிச் சம்பலை வைத்து "இந்தா ஈக்கிறம்" என்றாய். அவர் அந்தச் சீனிச் சம்பலை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப நாங்களும் இல்ல" என்றார். நுஸ்ரா சிரித்த சிரிப்பில் கீழ்த் தோடம்பழம் உருண்டு போனது. நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை அதுதான்.

பிறகு வாப்பா உன்னை விடவில்லை. "இவ்வளவு பெரிய சாமான் தலைக்கு மேல ஈந்தும் இவ்வளவு காலமா ஒருத்தரும் காணல்லயா? அந்த ஆக்களுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களா?" என்று கேட்டார். நீ பொறுமையாகச் சொன்னாய். அது வானத்தில் பாதி உயரத்துக்கு மேல் பரந்து கிடக்கிறது, ஆனால் மங்கல். அதற்கு முன்னால் பால்வீதியின் வாயுவும் தூசியும் தாங்களே காமாக் கதிரில் ஒளிர்கின்றன. தெரிந்த ஒளியை எல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கழித்தார்கள். கழித்த பிறகும் ஒன்று மிஞ்சி நின்றது, அதுதான் குமிழி என்றாய். வாப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கட அலுமாரி பெட்ஜ் வேலதான் அது" என்றார். "அதேதான் வாப்பா" என்றாய். நடுவில் என்ன நடந்து இவை ஊதின என்று நான் கேட்டேன். அங்கே இருக்கும் பெரிய கருந்துளை ஒரு காலத்தில் அளவுக்கு மிஞ்சி விழுங்கி வெளியே தள்ளியதா, நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறந்து கூட்டமாக வெடித்தனவா, இன்னும் முடிவாகவில்லை என்றாய். நடந்ததை யாரும் பார்க்கவில்லை, நடந்ததால் ஊதியதைத்தான் பார்க்கிறோம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

இனி அந்த நாளைப் பற்றி எழுதவேண்டும். எழுதாமல் போகமுடியாது. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். பிளேன் டீ கேட்டார். நான் சமையலறையில் கேத்தலைப் பார்த்துக்கொண்டு, திரும்பாமலே, "சீனி இல்லாமத்தானே?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. கொண்டுபோய்ப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். வேறு ஒன்றும் இல்லை மகன், அவ்வளவுதான் நடந்தது. வீடு நிறைந்துவிட்டது. உன் பெரியவாப்பா கடையைக்கூடப் பூட்டாமல் மார்க்கெட்டிலிருந்து திரீவீலரில் வந்து, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவது எங்கள் வழக்கம். அன்றைக்கே எடுத்துவிடலாம் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தார் சொன்னார்கள். பெரியவாப்பாதான் எழுந்து நின்று மறுத்தார்.

"மகன் வாற வரைக்கும் வைப்பம். ஆசுபத்திரியில ஐஸ் ரூம் ஈக்கி, நான் பேசி எடுக்கிறன்" என்றார். "எங்கட உம்மா மௌத்தான நேரமும் நான்தான் ஊரோட சண்ட பிடிச்சி வச்ச. தம்பி சவூதியில ஈந்து வந்து மொகத்தப் பாத்த. அந்த ஒண்டுக்காக அவன் எனக்கு எவ்வளவு துஆ செஞ்சிருப்பான்!" எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். நான் அறை வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். "அஸருக்குப் பொறகு எடுங்கொ" என்றேன், அன்றைக்கே, பின்னேரத் தொழுகை முடிந்ததும். பெரியவாப்பா சீலையை விலக்காமலே அதன் முன்னால் வந்து நின்று, "ஒங்கட புள்ளதானே அவன்? எனத்துக்கு இப்பிடி கல் மாதிரி செல்ற?" என்று கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன்.

அதற்குள் நீ அழைத்தாய். பாலைவனத்திலிருந்து நகரத்துக்கு வந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து. "உம்மா, நிப்பாட்டச் செல்லுங்க. நான் வாறன். ஒருக்கா அவர்ட மொகத்த பாக்கணும், அவ்வளவுதான்." இல்லை மகன் என்றேன். "சரி, வீடியோவிலயாவது காட்டுங்க." உன் மச்சான் போனை எடுத்துக்கொண்டு ஜனாஸாவுக்குப் பக்கத்தில் போனான். நான் போய் அவன் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். நீ கத்தியது மேசைப் பலகை வழியாகக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் மௌத்தாகும்வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

நீ வந்து சேர்ந்தபோது கபுர் மண் இன்னும் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அடக்கிய மையவாடியிலிருந்து நேரே என் அறை வாசலுக்கு வந்தாய். நான், புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் உள்ளே இருந்தேன். "ஒங்களுக்கு மட்டும் பாக்க ஏலும், எனக்கு ஏலாதா? நான் அவருக்கு மகன் இல்லயா?" என்று கேட்டாய். வாசலுக்கு வெளியே, ஹோலில், பெரியவாப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாய். ஒரு கவளம்கூட என் கையால் வாங்காமல் போய்விட்டாய்.

அதன் பிறகு என் மேல் பேசப்பட்டதெல்லாம் எனக்கும் வந்து சேர்ந்தது. சொத்துக்காக என்றார் ஒருவர். மகனுக்கும் தாய்க்கும் முதலே சரியில்லை என்றார் இன்னொருவர். நான் சொன்ன சொல் ஒன்றே ஒன்று, அஸருக்குப் பிறகு எடுங்கள் என்பது; அது உன்னிடம் வந்தபோது "அவன் வந்தா என்ன, வராட்டி என்ன" என்று ஆகியிருந்ததாம். நுஸ்ரா அழுதுகொண்டே சொன்னாள். மகன், இதைப் பற்றி நீதானே எனக்குப் பாடம் எடுத்தாய்? அண்டக் கதிர் என்பது பெயருக்குத்தான் கதிர், உண்மையில் பெரும்பாலும் புரோத்தன். மின்னேற்றம் உள்ள துணிக்கை. காந்தப்புலத்துக்குள் போனால் வளையும், இது நான் சாக்குக்கட்டியால் எழுதி எழுதிப் படிப்பித்த பாடம். பால்வீதி முழுக்கக் காந்தப்புலம் என்பதால் அது வளைந்து வளைந்து, எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டதோ அதற்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்திலிருந்து வந்து விழும். வந்த திசையைப் பார்த்து அது பிறந்த இடத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் நீங்கள் காமாக் கதிரைத் தேடுகிறீர்கள். அந்தத் துணிக்கை எங்கேயாவது மோதும்போது பிறக்கும் காமாக் கதிருக்கு மின்னேற்றம் இல்லை, அது வளையாது, பிறந்த இடத்திலிருந்து நேரே கண்ணுக்கு வரும். உலகத்துக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுக்கிற நீ, உன் தாயின் பேச்சை மட்டும் டுபாயிலிருந்து வந்த திசையில் நம்பிவிட்டாய். கோபமாக இருக்கிறது எனக்கு. பிள்ளைமேல் வரும் கோபம்தான், ஆனாலும் கோபம்.

இப்போது நேரே சொல்கிறேன். பெரியவாப்பாவும் போய்விட்டார், நுஸ்ரா உனக்குச் சொல்லியிருப்பாள். என் இத்தா முடிந்து நான் முதன்முதலில் படியிறங்கிப் போன வீடு அவருடைய ஜனாஸா வீடுதான். இனி இதைச் சொன்னால் நோவதற்கு அவர் இல்லை. அவருடைய பிள்ளைகள் இதை வாசித்தால் ஒன்றை விளங்கிக்கொள்ளட்டும்: உங்கள் வாப்பா செய்தது முழுக்க அன்பால் செய்தது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, உங்கள் சாச்சாவான என் புருஷனுக்கும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர் இத்தனை வருடம் வாய் மூடி இருந்திருக்கமாட்டார்.

உனக்கு உன் வாப்பாமேல் ஒரு பழைய குறை உண்டு. என் உம்மா, உன் உம்மும்மா மௌத்தானபோது, அவர் ஓடியாடி எல்லா வேலையும் செய்தார், ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கையும் தூக்கினார், ஆனால் முகம் பார்க்க மட்டும் உள்ளே வரவில்லை. "வாப்பாக்கு கல் மனசு" என்று நீ என்னிடம் சொன்னாய். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. ஆசுபத்திரியில் வேலை செய்து மனம் மரத்துவிட்டது என்று ஒரு காரணம் வைத்தேன். கூச்சம் என்று ஒரு காரணம் வைத்தேன். வீண் பிடிவாதம் என்றும் வைத்தேன். எல்லாவற்றையும் கழித்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சியது. அலுமாரியில் இருந்த அவருடைய உம்மாவின் படத்தை அவர் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவ்வளவு பெரிய சாமான் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே ஊதி நின்றது, நான் பக்கத்திலேயே படுத்திருந்தும் காணவில்லை.

கண்டது, கலஹா தேயிலைத் தோட்டப் பக்கம் போன ஒரு பயணத்தில். வாப்பாவோடு ஆசுபத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் காலமாகி, இருவரும் மரண வீட்டுக்குப் போயிருந்தோம். தொழிலாளர் லயத்துக்கு மேலே கட்டிய சின்ன வீடு, வாசலில் வெள்ளைக் கொடி, கூடத்தில் பெட்டி திறந்து வைத்திருந்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன். இவர் தேயிலைச் செடி ஓரத்தில் நின்றுகொண்டார். இறந்தவரின் மனைவியே வெளியே வந்து, "வாங்க ஐயா, உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவாரு. ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போங்க" என்று கும்பிட்டுக் கூப்பிட்டார். இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பேராதனைக்கு வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சவூதியில ஈந்து கட்டுநாயக்காவில எறங்கி நேரா ஆசுபத்திரிக்குத்தான் வந்த. நானா ஐஸ் ரூம் வாசல்ல எனக்காக நின்ன. ஊரே அவர ஏசின, ஆனா அவர் உட்டுக்குடுக்கல்ல. தொறந்து காட்டின. அது எங்கட உம்மா இல்ல. நெறம் வேற, கன்னம் வேற, வாய் வேற மாதிரி." கண்டக்டர் வந்து போனார். "அண்டைக்குப் பொறகு உம்மாவ நெனச்சா அந்த மொகம்தான் வாற. சோறு போட்ட மொகம், ஏசின மொகம், எயார்போட்டுக்கு என்ன அனுப்ப வந்து அழுத மொகம், ஒண்டும் வருதில்ல. தேடித் தேடிப் பாத்த. அந்த ஒண்டு எல்லாத்தையும் மூடிட்ட. படத்தப் பாத்தாலும் வேற யாரோ மாதிரி ஈக்கி." பிறகு என் கையைப் பிடித்து, "நானாக்கு மட்டும் செல்லிராதீங்க. அவர் எனக்காக ஊரோட பகச்ச" என்றார். உன் வாப்பா என் முன்னால் அழுதது அந்த பஸ்ஸில்தான்.

அவர் எனக்கு உயிலாக ஒன்றும் சொல்லவில்லை. என் மகனுக்கு என் முகத்தைக் காட்டாதே என்று கேட்கவும் இல்லை. அப்படி அவர் சொன்னதாகச் சொல்லி உன்னிடமிருந்து தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. முடிவு என்னுடையது. அன்று காலை, பெரியவாப்பா ஐஸ் ரூம் என்று சொன்னவுடன், அந்த பஸ் ஜன்னலும் உன் வாப்பாவின் ஈரக் கன்னமும்தான் எனக்குத் தெரிந்தன. நீ கடைசியாகப் பார்த்த வாப்பா, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் உன்னை விமானநிலைய பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவர். உயிரோடு இருந்த வாப்பா. அந்த முகத்தின் மேல் இன்னொன்றை வைத்து மூட எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். வளர்ந்த மகனுக்கும் அப்படித் தீர்மானிக்க எனக்கு உரிமை இருந்ததா? தெரியவில்லை மகன். இருந்திருக்காது. ஆனால் அன்றைக்கு உனக்காகச் செய்ய என் கையில் அது ஒன்றுதான் இருந்தது.

நான் போகும்போதும் நீ தூரத்தில் இருந்தால் என்னைக் காத்திருக்க வைக்காதே. நிறுத்துங்கள் என்று கத்தாதே. எடுங்கள் என்று நீயே சொல். நுஸ்ராவை அந்த நேரத்தில் தனியாகப் பதில் சொல்ல விடாதே. இன்றைக்கு நான் இருக்கிற இடத்தில் அவளை யாரும் வைக்கக்கூடாது. உன்னிடம் வந்து யார் என்ன சொன்னாலும், சொல்லப்பட்டவரிடமே ஒரு தரம் கேள். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, ஆனால் படித்தவர்களுக்குத்தான் இது வருவதில்லை.

நீ வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒங்களுக்கு மட்டும் பாக்க ஏலும், எனக்கு ஏலாதா என்று கேட்டாய். ஆம், நான் பார்த்தேன். பிளேன் டீயோடு வந்து நின்றபோது பார்த்தேன், கபன் துணி சுற்றி முடிப்பதற்கு முன் மறுபடியும் கூப்பிட்டுக் காட்டினார்கள், பார்த்தேன். அமைதியான முகம்தான், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அது ஒன்றுதான் வருகிறது. சீனிச் சம்பலை வழித்துத் தின்ற முகம் வருவதில்லை. அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்று காலை டீ கேட்டபோதாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். போனில் படங்கள் நிறைய இருக்கின்றன. படத்தில் அவர் படத்துக்காக நிற்கிறார், நான் தேடுகிற ஆள் அதில் இல்லை. இத்தாவில் இருந்த நாட்கள் முழுக்க, அலுமாரிக்குள் கிடந்த அந்த பெட்ஜைப் போல யாரும் தொடாமல் நான் இருந்தேன் என்று ஊர் நினைத்தது. எனக்குள் என்ன பதிந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

குட்ஷெட்டுக்கு அன்றைக்கு நான் வரவில்லை. முழங்கால் வலி என்று வீட்டு வாசலிலேயே உன்னை அனுப்பிவிட்டேன். பஸ் நகர்ந்த பிறகும் வாப்பா கூடவே நடந்துவந்து ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார் என்று நுஸ்ராவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து சிரித்தாரா, அல்லது அந்த ஓரப் பல் தெரியாமல் மூடிக்கொண்டு சிரிப்பாரே, அப்படியா? தொப்பி போட்டிருந்தாரா? வெயில் முகத்தில் பட்டுக் கண்ணைச் சுருக்கியிருந்தாரா?

நுஸ்ராவுக்காக வா மகன், அவளை உன் கையால் ஒப்புக்கொடு. என்னோடு பேசவேண்டாம் என்றால் அந்தச் சபையில் பேசாதே, நான் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் திரும்பிப் போவதற்கு முன் ஒருதரம் அந்த ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, உன் வாப்பா அன்றைக்கு எப்படி இருந்தார் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போ. அவருடைய முகம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

உன் உம்மா